முறைப்பாடு ஒன்றும் இல்லையாம்: வாவிக்கு அக்கரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்

சென்ற மாதம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். நாவற்குடாவில் எங்கள் வீட்டுக் குசினியில் பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் பாராளுமன்ற நேரலை ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழும்பி, நம்முடைய வாவியில் ஓடுகிற பாதை ஒன்றைப் பற்றிக் கேட்டார். உடனே கத்தியை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். மட்டக்களப்பில் பாதை என்றால் வாவியைக் கடக்கிற மிதவை. இரண்டு மிதவைகளுக்கு மேல் பலகைத் தளம், ஓரத்தில் ஒரு இயந்திரம். மனிதர்கள், மோட்டார் சைக்கிள்கள், நெல் மூட்டைகள் எல்லாம் அதில்தான் போகும். கடற்கரைப் பக்கம் எழுவான்கரை, வயல் பக்கம் படுவான்கரை. ஆஸ்பத்திரி, கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம், பெரிய கடைகள் என்று முக்கியமானவை முக்கால்வாசி எழுவான்கரையில்தான் இருக்கின்றன.

உறுப்பினர் கேட்டது மூன்று. பாதை இருக்கிறதா? ஒழுங்காக ஓடுகிறதா? மக்கள் முறைப்பாடு செய்திருக்கிறார்களா? அமைச்சர் கடதாசியைப் பார்த்து வாசித்தார். "ஆம். ஆம். இல்லை. முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஒரு முறைப்பாடு கூடப் பதியப்படவில்லை, கௌரவ சபாநாயகர் அவர்களே." உறுப்பினர் விடவில்லை, அமைச்சர் எப்போதாவது அந்தப் பாதையில் ஏறியிருக்கிறாரா என்று துணைக் கேள்வி கேட்டார். "உறுப்பினர் டிக்கட் எடுத்துத் தந்தால் வருகிறேன்" என்றார் அமைச்சர். சபை முழுக்கச் சிரிப்பு. கேட்ட உறுப்பினரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்! எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

"என்னப்பா, டிவியோட சண்டையா?" என்றார் என் கணவர். "அவ்வளவு ரோசம் எண்டா ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வாங்களன்." அவர் பகிடிக்குச் சொன்னார். நான் அடுத்த திங்கட்கிழமையே புறப்பட்டுவிட்டேன். பின்னேரம்தான் எனக்கு ரியூசன் வகுப்பு, காலையில் ஓய்வுதான்.

துறையின் பெயரை எழுதப் போவதில்லை. இதில் வருகிறவர்களின் பெயர்களும் நான் வைத்தவைதான். அங்கே வேலை செய்கிற ஒரு மனிதர் என்னோடு உண்மையாகக் கதைத்தார். அவருடைய சோற்றில் மண் விழக்கூடாது.

காலை 5.25க்குக் கல்முனைப் பக்கம் போகிற பஸ். 26 கிலோமீட்டர், 130 ரூபாய். 6.10க்குச் சந்தியில் இறங்கி, வாவிக்கரைக்கு ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட நடந்தேன். சந்தியில் ஒரு கடையில் இடியப்பமும் சொதியும் கிடைக்கும், நல்ல ருசி, 150 ரூபாய். துறைக்குப் போனபோது 6.40. பாதை அழகாக நின்றது. தளம் கூட்டிக் கழுவி, கொடிக்கம்பத்தில் கொடி கட்டி, இரண்டு பக்கமும் கயிற்றால் தூணோடு கட்டி!

பாதை ஓட்டுகிறவர் குணம் அண்ணன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தளத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை மணிக்கு எடுப்பீங்க அண்ணே?"

"எடுக்கிறயா? பதினெட்டு நாளா எஞ்சின் வேல செய்யல்ல புள்ள. சாமான் ஒண்டு வரோணுமாம். கேட்டா, பாப்பம் பாப்பம் எண்டுறாங்க."

"ஒழுங்கா ஓடுது எண்டு பாராளுமன்றத்தில சொன்னாங்களே?"

குணம் அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "நான் ஆறு மணிக்கு வாறன், கையெழுத்து வைக்கன், கூட்டுறன், பின்னேரம் ஆறு மணிக்குப் போறன். மேல போற கடதாசியில நான் வந்தத்தான் எழுதியிரிக்கும். பாதை போனதா எண்டு ஆர் கேட்ட?"

முறைப்பாட்டுப் புத்தகம் எங்கே என்று கேட்டேன். பொலித்தீன் பையில் சுற்றி, இயந்திரத்துக்குப் பக்கத்துப் பெட்டியில் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். புதுப் புத்தகம், ஒட்டிய பக்கங்கள் கூடப் பிரியவில்லை. புத்தகம் பாதையில்தான் இருக்க வேண்டும் என்பது விதியாம். பாதை எழுவான்கரையில் கட்டிக் கிடக்கிறது. பாதை இல்லாமல் அவதிப்படுகிற சனம் படுவான்கரையில் நிற்கிறது. பாதை ஓடாத நாளில் அதைப் பற்றி எழுத வேண்டுமென்றால், ஓடாத பாதையில் ஏறி வந்துதான் எழுத வேண்டும். எந்த மண்டைக்குள்ளிருந்து வந்த யோசனை இது? முறைப்பாட்டு விஷயத்தில் அமைச்சர் பொய் சொல்லவில்லை பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். புத்தகம் வெறுமையாகத்தான் இருக்கிறது.

"இப்ப கேள்வி கேட்டவர் இரிக்காரெல்லோ," என்றார் குணம் அண்ணன், "அவர் ஆளுங்கட்சியில இரிக்கக்குள்ள வேறொருத்தர் இதக் கேட்டவர். இவரும் இதே பதிலத்தான் சொன்ன. கேட்டவரும் இஞ்ச வரல்ல, சொன்னவரும் வரல்ல."

அக்கரையில் யாராவது நிற்கிறார்களா பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இறால் பிடித்துவிட்டு வந்த கணேசு என்பவரின் தோணியைப் போகவர 800 ரூபாய்க்குப் பேசினேன். சின்ன எஞ்சின் பூட்டிய தோணி. வாவி அந்த இடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம், பதினைந்து நிமிடம் பிடித்தது. கரைச் சேற்றில் நிற்கிற கண்ணா மரங்களுக்கு மேல் வெயில் ஏறுகிற நேரம், கொக்குகள், தெளிந்த தண்ணீர். வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பந்தி எழுதியிருப்பேன்.

7.20க்குப் படுவான்கரையில் இறங்கினேன். தகரக் கொட்டிலுக்குள் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். மனைவி பரிமளம், அறுபதுக்குக் கிட்ட. கையில் ஆஸ்பத்திரிக் கொப்பி, ஒரு பை, பையில் அவர் உடுக்க மாற்றுச் சாரமும் போத்தல் தண்ணீரும். கணவர் தம்பிராசா அவளுடைய தோளைப் பிடித்தபடி நின்றார். என் காலடிச் சத்தம் கேட்டதும், "பாதை வந்துட்டா பரிமளம்?" என்றார்.

தம்பிராசாவுக்கு ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மற்றக் கண்ணில் வெண்புரை. பதினொரு மாதம் காத்திருந்து கிடைத்த சத்திரசிகிச்சை நாள், இரண்டு கிழமைக்கு முன் பாதை இல்லாததால் தவறிப்போனது. பரிமளம் எத்தனையோ தரம் கெஞ்சி வாங்கிய இரண்டாவது நாள் இன்று. ஒன்பது மணிக்கு முன் வார்டில் பதிய வேண்டும். இன்றும் தவறினால் வரிசையின் அடியில் இருந்து திரும்பவும் தொடங்க வேண்டும்.

"வயல் வட்டைக்குள்ள தண்ணி நிக்கா வத்தியா எண்டு கால வெச்சுத்தான் பாக்கன்," என்றார் தம்பிராசா. "ஏலாம, மறுகா வயலக் குத்தகைக்குக் குடுத்துட்டன்."

பாதை பழுது என்று தெரிந்திருந்தும் ஏன் ஆறு மணி பஸ்ஸில் சுற்றிப் போகவில்லை என்று கேட்டேன். சுற்றுவழி 41 கிலோமீட்டர், இரண்டு பஸ் மாற வேண்டும், ஆனாலும் ஆறு மணிக்கு ஏறினால் எட்டரைக்குப் போய்விடலாம். அடுத்த பஸ் ஒன்பது மணிக்குத்தான். பரிமளம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"ரேடியோவில சொன்னாங்க புள்ள. அமைச்சரே பாராளுமன்றத்தில எழும்பிச் சொன்னவராம், பாதை ஒழுங்கா ஓடுது எண்டு. திருத்திட்டாங்க எண்டு நினைச்சம். கண் தெரியாத மனிசன ரெண்டு பஸ் ஏத்தி இறக்கிற பாட்டுக்கு, பாதையால போனா லேசி எண்டு வந்தம். எங்கட ஊர் மூணு மைல் கட்டைக்கு அங்கால, துறைக்கு வந்தாத்தானே தெரியும்?"

அந்தப் பதிலைக் கேட்டு நான் கோபப்பட்டேன். இவர்கள் கேட்டு நம்பியிருக்கிறார்கள். கடதாசியைப் பார்த்து வாசித்த இரண்டாவது "ஆம்" ஒரு மனிதனின் மிச்சக் கண்ணை இந்தக் கொட்டிலுக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

"அக்கா, கதைச்சுக்கொண்டு நிக்க நேரமில்ல, ஏறுங்க," என்றார் கணேசு. தம்பிராசாவை நாங்கள் மூவரும் பிடித்துத் தோணியில் இருத்தினோம். திரும்பி வருகிற வழியிலேயே சந்தியில் நிற்கிற ஆட்டோவுக்குக் கணேசுவிடம் நம்பர் வாங்கிப் பேசினேன். 7.50க்கு எழுவான்கரை. ஆட்டோ ஐந்து நிமிடத்தில் வருவதாகச் சொன்னது.

அந்த ஐந்து நிமிடத்தில் பரிமளம், நான் கேட்காமலே, குணம் அண்ணனைப் பார்த்துக் கேட்டாள். "முறைப்பாடு இல்ல எண்டு சொன்னாங்களாமே. அந்தக் கொப்பி எங்க?"

குணம் அண்ணன் கொண்டுவந்து தந்தார். நூலில் கட்டியிருந்த பேனா எழுதவில்லை, என்னுடையதைக் கொடுத்தேன். திகதி, பெயர், முகவரி எழுதினாள். நாலாவது கட்டத்தில் பேனா நின்றது. பயணச்சீட்டு இலக்கம்!

"டிக்கட் நம்பர் இல்லாட்டி மேல எடுக்க மாட்டாங்க அக்கா," என்றார் குணம் அண்ணன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "எனக்கு அப்பிடித்தான் சொல்லித் தந்த."

நான் சத்தம் போட்டேன். பாதை ஓடினால்தானே டிக்கட், ஓடாத பாதைக்கு ஆர் டிக்கட் தருவார்கள், இதைக் கேட்க நாதியில்லையா என்று குணம் அண்ணனிடம் கத்தினேன், பாவம் அந்த மனிதர் என்ன செய்வார். பரிமளம் கத்தவில்லை. கொஞ்சம் யோசித்தாள். டிக்கட் நம்பர் கட்டத்துக்குள், ஒவ்வொரு எழுத்தாக, 'பாதை வரவில்லை' என்று எழுதினாள். முறைப்பாடு என்ற கட்டத்தில், 'ஓடுகிறது என்று சொன்னீர்கள். நம்பி வந்தோம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

ஆட்டோவுக்கு 2,400 ரூபாய். ஓட்டிய தம்பி விஷயத்தைக் கேட்டதும் எங்கும் நிற்கவில்லை. வார்டு வாசலில் 8.45. பெயர் பதிந்தார்கள். பதினைந்து நிமிடம்தான் இடைவெளி. நான் வேடிக்கை பார்க்கப் போன நாள் அன்றாக இல்லாவிட்டால்? கணேசு இன்னும் அரை மணித்தியாலம் பிந்திக் கரைக்கு வந்திருந்தால்? நினைக்க நினைக்கப் பற்றி எரிகிறது. ஒரு ஏழையின் கண்பார்வை இப்படி யாரோ ஒருத்தியின் முன்கோபத்தை நம்பி இருக்கவே கூடாது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வாவியைப் பார்க்க ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் போங்கள், பிறகு வெயில் தாங்காது. பாதையில் ஆளுக்கு 20 ரூபாய், மோட்டார் சைக்கிளுக்கு 50, அது ஓடினால். தோணியில் ஏறுவதென்றால் மிதப்புச் சட்டை கேட்டு வாங்குங்கள். படுவான்கரைத் துறையில் கடை இல்லை, தண்ணீர் கொண்டு போங்கள். செய்தியில் என்ன சொன்னாலும் துறையில் உள்ளவரிடம் கேட்டுவிட்டே புறப்படுங்கள். எந்தத் துறைக்குப் போனாலும் முறைப்பாட்டுப் புத்தகத்தைக் கேளுங்கள், எழுதுகிற பேனா ஒன்றும் கொண்டு போங்கள். டிக்கட் நம்பர் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பரிமளம் காட்டிவிட்டாள்.

நேற்று அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். கண் கட்டு அவிழ்த்து ஒரு கிழமையாம். நல்லாத் தெரிகிறதாம்.

"பாதை?" என்று கேட்டேன்.

"முந்தி நான்தான் பாத்துச் சொல்லோணும் புள்ள," என்றாள். "இப்ப அவரே கரையில நிண்டு பாத்துட்டு வந்து சொல்லுறார், அங்கால கட்டித்தான் கிடக்காம்."