வடிவுக்குக் கொழுப்பு ஜாஸ்தி

ரத்தம் எடுக்கிற தொழிலில் ஒரு சௌகரியம், வருகிறவர்கள் யாரும் பேரம் பேசமாட்டார்கள். அசௌகரியம், மற்ற எல்லாம் பேசுவார்கள். ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அன்பர்களே, எண்பதுகளில் தென்காசியில் ஒரு லேடி டாக்டரின் கிளினிக்கில், லேப் என்ற பெயரில் இருந்த ஒற்றை அறையில் நான் பட்ட பாட்டையும் கேளுங்கள்.

வெறும் வயிறு

ஆய்க்குடியிலிருந்து வடிவு வந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்க்கும். திருநெல்வேலியில் எடுத்த ஸ்கேனில் சினைப்பை முழுக்கச் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள். இந்தக் கோளாறு உள்ள பெண்களுக்கு இதயத்தையும் கவனிக்கணும் என்று டாக்டரம்மா கொலஸ்ட்ரால் பார்க்க எழுதினார்.

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தேன். மாமியாரோடு குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். நான் ஊசியை எடுத்த பிறகுதான் பஜ்ஜி வாசனை வந்தது. கேட்டால், மாமியார் முந்திக்கொண்டார்.

"வெறும் வயிறுதாம்மா. சோத்தைக் கண்ணால பாக்கல. அருவியில நின்னா பசிக்கும்லா, நாலே நாலு பஜ்ஜி!"

பெஞ்சு சிரித்தது

மறுநாள் மறுபடி ரத்தம் எடுத்தேன். அப்போது வடிவு மெதுவாகச் சொன்னாள்: அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று வீட்டில் பேசுகிறார்களாம். எனக்கு மனசு கேட்கவில்லை.

அப்படியும் என் வாய் சும்மா இருந்ததா? ரிப்போர்ட்டைப் பார்த்த வேகத்தில், பத்துப் பேர் நடுவில், "வடிவு, உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் எழுந்தே நின்றுவிட்டார்.

"நாலு வருசமா நானும் இதத்தான் சொல்லுதேன், எம்மவன் நம்பலியே! இப்ப லேப்புலயே எழுதிக் குடுத்துட்டாவ!"

தூக்குவாளி

டாக்டரம்மா மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார், என்னைத் திட்டுவதற்கும் சேர்த்து. இது திமிர் இல்லை, ரத்தத்தில் சேருகிற கொழுப்பு. சினைப்பைக் கோளாறோடு கூட வருவது. இப்படியே விட்டால் பின்னால் நெஞ்சுவலியில் கொண்டுவிடலாம் என்றார். நெஞ்சுவலி என்றதும் மாமியார் முகம் மாறியது. அவர் வீட்டுக்காரர் போனது அதில்தான்.

எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்து, தினமும் நடக்க வேண்டும். ஆனால் ஒரு வேலையும் இல்லாமல் மருமகள் தெருவில் நடந்தால் ஊர் சும்மா விடுமா? அதற்கும் மாமியாரே வழி சொன்னார்.

"ஏட்டி, கையில ஒரு தூக்குவாளிய எடுத்துக்கோ. யாராச்சும் கேட்டா பால் வாங்கப் போறேன்னு சொல்லு."

ஆறு மாதம் கழித்து

கொலஸ்ட்ரால் இறங்கியிருந்தது. மாதவிலக்கும் ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்தது. குழந்தை மட்டும் இன்னும் இல்லை. வடிவு டாக்டரைப் பார்க்கப் போன நேரம், மாமியாரிடம் தயங்கித் தயங்கி, "அவங்கள அனுப்புறதா ஒரு பேச்சு..." என்று இழுத்தேன்.

"அந்தப் பேச்சை விடும்மா. புள்ள வரும்போது வரட்டும், வராட்டியும் போட்டும். இவ நெஞ்சு நல்லா இருந்தாப் போதும் எனக்கு."

அன்றிலிருந்து எந்த ரிப்போர்ட்டில் எது வந்தாலும், "டாக்டரம்மாவைப் பாருங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ரொம்ப விஷயம் தெரிந்தவள் என்று ஊரில் எனக்கு ஒரே மரியாதை.