அஞ்சல் கம்பும் ஊர்வலக் கொடியும்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு அஞ்சல் பை சுமந்து ஓடுவதுதான் என் முதல் வேலை. திருவிதாங்கூர் சர்க்கார் அஞ்சல். கையில் மணி கட்டிய கம்பு இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் மாட்டுவண்டிக்காரர் முதல் போலீஸ்காரர் வரை வழிவிட்டாக வேண்டும். இருபது வயதில், கம்பைக் கையில் வாங்கியதுமே அந்த அதிகாரம் எனக்குத் தலைக்கேறியிருந்தது. வேலை தற்காலிகம்தான்; ஆனாலும் அதை நம்பித்தான் காரக்கோணத்தில் பெண் பேசி முடித்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிக் கொடி பிடித்து ஊர்வலங்கள் நடந்த காலம் அது. சர்க்கார் வேலைக்காரன் அந்தக் கொடியைத் தொட்டால் அன்றோடு வேலை போகும்.

முதல் நாளே அமரவிளைக்குப் பக்கத்தில் பைக்கயிறு தளர்ந்துவிட்டது. சுமைதாங்கிக் கல்லில் கம்பைச் சாய்த்துவிட்டு முடிச்சுப் போட்டேன். ஊர்வலக்காரர்களும் சுருட்டிய கொடிகளை அதே கல்லில் சாய்த்துவிட்டு மோர்ச் சம்பாரம் குடித்துக்கொண்டிருந்தார்கள். நேரமாகிவிட்ட பதற்றத்தில் கைக்கு அகப்பட்ட கம்பை எடுத்துக்கொண்டு ஓட்டம் பிடித்தேன். கூட்டத்தின் இரைச்சலில் மணி கேட்காதது எனக்கு உறைக்கவே இல்லை.

வழியெல்லாம் ஒரே மரியாதை. "வாழ்க" என்று கத்தினார்கள். ஒருவர் ஓடிவந்து கழுத்தில் மாலையே போட்டுவிட்டார். அஞ்சலுக்கு இவ்வளவு மதிப்பா என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு வளைவில் இரண்டு பேர் மண்ணாங்கட்டி எறிந்தார்கள். கடிதம் வராத கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

நெய்யாற்றின்கரை ஆபீஸ் வாசலில் நின்ற அஞ்சல் மாஸ்டர் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"எலே, கையில என்னதுலே அது?"

நிமிர்ந்து பார்த்தேன். சுருள் அவிழ்ந்து, தலைக்கு மேலே கொடி பறந்துகொண்டிருந்தது. "எனக்கக் கல்யாணம் போச்சே சார்" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் மணிச் சத்தம். ஊர்வலம் வந்தது. முன்னால் வந்தவர் கையில் என் கம்பு.

"மக்கா, ஒனக்கக் கம்பு இன்னா" என்று நீட்டினார். "கல்லில ஒனக்கக் கம்புதான் கெடந்தது. ஆட்டிக்கிட்டு வந்தா, லத்தியோட நின்ன போலீசெல்லாம் ஓரமா மாறி வழி விட்டுட்டானுவ. இன்னைக்கு ஒருத்தனுக்கும் அடியில்லே."

மாஸ்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொடியை ஊர்வலக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டு ரெஜிஸ்டரைத் திறந்தார்.

"பை நேரத்துக்கு வந்தாச்சு. முத்திரையும் உடையல்லே. கம்பு வந்த நேரம் எழுத இதில கட்டமே இல்லையாக்கும். போயி கல்யாணத்தப் பண்ணுலே."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வழியில் யாராவது மாலை போட்டால், கையில் என்ன வைத்திருக்கிறோம் என்று முதலில் பாருங்கள்.