பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு படத்துப் பெயர்

என் மூத்த சகோதரி, எங்கள் ராத்தா, வயிற்றில் பிள்ளையோடு இருந்த காலத்தில்தான் அந்தப் படம் வந்தது. பக்கத்து வீட்டில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வாப்பா கடைக்குப் போனதும் நானும் ராத்தாவும் வேலிக் கடப்பால் நுழைந்து போய்ப் பார்த்தோம். கதாநாயகி யாருக்கும் பயப்படாமல் பேசுகிற பெண். படம் முழுக்க அவளை ஒரு சின்னப் பெயரால் கூப்பிட்டார்கள். பொம்பிளைப் பிள்ளை பிறந்தால் அந்தப் பெயர்தான் என்று, வீட்டுக்குத் திரும்பும்போதே ராத்தா சொல்லிவிட்டாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ராத்தா இதை வாசிக்கக்கூடும்.

பொம்பிளைப் பிள்ளைதான் பிறந்தது. படத்துப் பெயர் என்றதும் வாப்பா எழுந்து போய்விட்டார். ராத்தாவின் கணவர் மச்சானுக்கும் விருப்பமில்லை. ஏழாம் நாள் முடியிறக்கி, பள்ளிவாசல் லெப்பை சொன்ன அரபுப் பெயரை வைத்தார்கள். நல்ல கருத்துள்ள பெயர்தான். ராத்தா மறுக்கவில்லை. ஆனால் விருந்துக்கு வந்தவர்கள் போனதும் பிள்ளையை மடியில் கிடத்தி, தான் நினைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு நானும் அப்படியே கூப்பிட்டேன். அயலும் கூப்பிட்டது. கொஞ்ச நாளில் உம்மாவின் வாயிலும் அது வந்துவிட்டது. மச்சான் மட்டும் கடைசிவரை "மகள்" என்றுதான் சொன்னார்.

ஆசைப்பட்டது ராத்தா மட்டுமல்ல. அந்த வருடம் கல்முனைக் கடைகளில் பெருநாள் சட்டைகூட அந்தப் பெயரில் விற்றது. எங்கள் ஒழுங்கையில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் மூன்று வீடுகளிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்க்கும். எங்கள் முஸ்லிம் ஊர்களில் மட்டுமல்ல, பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் அப்படித்தான் என்று சொல்வார்கள்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று ராத்தாவின் மகளுக்கு நாலு வயது. மச்சான் பசாரில் இருந்தார். நான் மெயின் ரோட்டுக்கு மேற்கே, தண்ணீர் எட்டாத என் வீட்டில் இருந்தேன். ராத்தா மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். இரண்டாவது அலை மதிலோடு சேர்த்து அடித்தபோது பிள்ளையின் சட்டை அவள் கையில் இருந்திருக்கிறது. பிறகு சட்டையும் இல்லை. இதை அவள் எனக்கு ஒரே தடவைதான் சொன்னாள்.

ஆஸ்பத்திரி, பள்ளிவாசல்கள், பள்ளிக்கூடங்கள் என்று எல்லா இடமும் தேடினோம். காணாமல் போனவர்களின் பெயரைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளையின் அரபுப் பெயரையும் சொன்னார்கள். அது யாரென்று எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்களுக்கே விளங்கவில்லை. நாலு வயதுப் பிள்ளையிடம் கேட்டால் அதுவும் அந்த அரபுப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அடுத்த நாள் மச்சான் தானே போய், பாங்கு சொல்கிற மோதினாரிடம் படத்துப் பெயரைச் சொன்னார். அவர் ஒரு கணம் மச்சானின் முகத்தைப் பார்த்தாராம். பிறகு அதையே ஒலிபெருக்கியில் சொன்னார். வாப்பா பள்ளிவாசல் படியில் குந்தியிருந்தார். அந்தப் பெயர் ஊருக்கு மேலால் போவதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னேரம் செய்தி வந்தது. சம்மாந்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இருக்கிறது, நாலைந்து வயது இருக்கும், பெயர் கேட்டால் அதைத்தான் சொல்கிறது என்று. ராத்தா, மச்சான், நான் மூவரும் உழவு மெசினின் பெட்டியில் ஏறிப் போனோம். வழி நெடுக ராத்தா ஒரு பிஸ்கட் பக்கற்றைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வகுப்பறை நிறையச் சனம். ராத்தா வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மூலையில் சுவரைப் பார்த்து இருந்த ஒரு பிள்ளை உடனே திரும்பிப் பார்த்தது.

எங்கள் பிள்ளை இல்லை.

மச்சான் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் ராத்தாவைப் பிடிக்கப் போனேன். அவள் என் கையை விலக்கிவிட்டு உள்ளே போய் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருந்தாள். பிஸ்கட்டை உடைத்துக் கொடுத்தாள். பிள்ளை அவள் மடியில் ஏறியது. தமிழ் ஊரான காரைதீவுப் பிள்ளை என்றும், யாரோ உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு வந்தது என்றும் அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். ராத்தா வரமாட்டேன் என்றதால் நாங்களும் அங்கேயே தங்கினோம்.

மறுநாள் காலையில் தகப்பன் வந்தார். வயல் செய்கிற மனிதர். பிள்ளையைக் கண்டதும் நிலத்தில் குந்திவிட்டார். கொஞ்சம் ஆறியதும் மச்சான்தான் கேட்டார்.

"இந்தப் பேர ஆர் வெச்ச?"

"என்ட மனுசி. அந்தப் படத்த டெக்கில பாத்துப்போட்டு இதுதான் எண்டு ஒத்தக்கால்ல நிண்டவ," என்றார் அவர். "நேத்துத்தான் அவவ அடக்கம் பண்ணினாங்க."

ராத்தா பிள்ளையின் தலையைத் தடவி அவர் கையில் கொடுத்தாள். தன் மகளைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் வெளியே வந்து சொன்னேன்.

எங்கள் பிள்ளையின் மையத்து கிடைக்கவே இல்லை. பாத்திஹா ஓதியபோது லெப்பை அரபுப் பெயரைச் சொல்லித்தான் துஆக் கேட்டார். "ஆரோ ஒரு புள்ளக்கி ஓதுற மாதிரி இரிக்கி," என்று ராத்தா என் காதில் சொன்னாள். பிறகு அவளுக்கு இன்னொரு மகள் பிறந்தாள். அவளுக்கு ஒரே பெயர்தான். பழைய பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று ராத்தா கேட்டுக்கொண்டாள்.

காரைதீவுக்காரர் முதல் இரண்டு வருடமும் பெருநாளைக்கு மகளோடு வந்தார். பிறகு ஊருக்கு ஊர் பிரச்சினை, சோதனைச் சாவடி, கடத்தல் என்ற பயம். வரவில்லை. சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன பிறகு வந்த பெருநாளில் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. பிள்ளை நெடுத்திருந்தாள். தகப்பன் அவளை "மகள், மகள்" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களை நினைத்துத்தான் பெயரை விழுங்குகிறார் என்று எனக்குப் புரிந்தது. ராத்தாவுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க அண்ணன்," என்றாள். "ஒங்கட மனுசி ஆசப்பட்டு வெச்ச பேர்."

அவர் குனிந்துகொண்டார். ராத்தாவே முற்றத்தைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளை ஓடி வந்தாள். ராத்தா அவளுக்கு வட்டிலப்பம் வைத்துக் கொடுத்து, பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டாள். பாலர் வகுப்பில் அதே பெயரில் தன்னோடு இன்னும் சில பிள்ளைகள் இருந்ததாகவும், எல்லோரும் கடற்கரைப் பக்கம் என்றும், இப்போது தான் மட்டும்தான் என்றும் அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

அசர் தொழுகைக்கு முன் அவர்கள் புறப்பட்டார்கள். மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை முடியும்வரை ராத்தா வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து பாயில் இருந்தாள். அவள் வாய்விட்டு அழுததை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். மச்சான் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.