மாமா சொன்ன பச்சை

ஞாயிற்றுக்கிழமை காலையில், பூமியின் தென்கோடியில் இருக்கும் ரானுயி என்ற இந்த ஊரில், எங்கள் தெரு சத்தமில்லாமல் கிடக்கும். அந்த நேரத்தில் அமெரிக்காவில் சனிக்கிழமை பிற்பகல். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு, லேப்டாப்பை மடியில் வைத்து, அங்குள்ள கல்லூரிகள் ஆடும் கால்பந்தைப் பார்க்கத் தொடங்குவேன். பெயர்தான் கால்பந்து. காலுக்கு அதில் வேலை குறைவு. கையால் எறிவதும், எறிந்ததைப் பிடித்துக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை நாலு பேர் சேர்ந்து புல்லில் அமுக்குவதும்தான் ஆட்டம்.

என் மகள் அந்தப் பக்கம் போகும்போது, எல்லாரையும் போல ரக்பி பார்க்கக்கூடாதா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுப் போவாள். இந்த நாட்டில் அது நியாயமான கேள்விதான். பேக்கரியில் என்னோடு ரொட்டி அடுக்குகிறவர்கள் திங்கட்கிழமை முழுவதும் ரக்பி பேசுவார்கள். நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு வேறு ஒரு ஆட்டம் இருக்கிறது என்று அவர்களிடம் சொன்னதே இல்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பதில் சொல்ல எனக்குக் கூச்சம்.

தொழில்முறை அணிகளின் ஆட்டம் இங்கே திங்கட்கிழமை காலையில் வரும். வேலை முடிந்து வந்து, முடிவு கண்ணில் படாமல் தப்பித்து, மாலையில் பார்ப்பேன். அவர்கள் ஆட்டத்தில் பிசிறே இருக்காது. ஆனால் அங்கே ஒரு அணியே மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவதுண்டு. ரசிகர்கள் பழைய ஊரிலேயே நின்றுகொண்டிருப்பார்கள். கல்லூரி அணிகள் எங்கும் போவதில்லை. அங்கே ஆட்கள்தான் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இருபது வயதுப் பையன் கையிலிருந்து பந்து நழுவும், அவன் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அடுத்த வருஷமோ அதற்கு அடுத்த வருஷமோ அவன் இருக்கமாட்டான். அதே சட்டை, அதே எண், உள்ளே வேறொரு பையன். எத்தனை பேர் போனாலும் அந்தச் சட்டை யாருக்காகவோ காத்திருப்பதுபோல எனக்குத் தோன்றும். அதனால் கல்லூரி ஆட்டம்தான் எனக்கு ஒரு பிடி கூடுதலாகப் பிடிக்கும்.

இந்தப் பைத்தியம் பிடித்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்போது நாங்கள் பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் இருந்தோம். மலேசியாவிலிருந்து வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்பா வீடு வீடாகப் பிரிட்ஜ் பழுதுபார்க்கப் போவார். அம்மா துணி தைக்கும் தொழிற்சாலை ஒன்றுக்குப் போவார். அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, நாங்கள் இங்கே வந்த அதே வருஷம் படிப்பதற்காக அமெரிக்கா போயிருந்தார். அம்மாவுக்கு அவர் தம்பி மட்டுமில்லை, தூக்கி வளர்த்த பிள்ளை. அவர் படிக்கும் கல்லூரியின் பெயரை அம்மா யாரிடமும் நாக்குத் தடுக்காமல் சொல்வார். வேறு எந்த ஆங்கிலப் பெயரும் அம்மா வாயில் அப்படி வழுக்கிக்கொண்டு வந்ததில்லை.

ஒருநாள் மாமா போனில் பேசினார். கல்லூரியின் பேண்டு வாத்தியக் குழுவில் தான் டிரம் அடிப்பதாகவும், கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் அந்தக் குழு மைதானத்தில் இறங்கும் என்றும், அந்த ஆட்டத்தை வீடியோ டேப்பில் அனுப்பியிருப்பதாகவும் சொன்னார். அம்மா அவரைப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. டேப் வந்து சேரும்வரை வீட்டில் வேறு பேச்சே இல்லை.

டேப் வந்த சனிக்கிழமை அம்மா உளுந்து வடை சுட்டார். பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அங்கிளும் ஆன்ட்டியும் இருந்தார்கள். அவர்களையும் கூப்பிட்டிருந்தார். எல்லாரும் உட்கார்ந்ததும் அப்பா டேப்பைச் செருகினார். திரையில் சாம்பல் நிறத்தில் என்னவோ கீழிருந்து மேலே உருண்டுகொண்டே போனது. அமெரிக்க டேப் இந்த நாட்டு மெஷினில் சரியாக ஓடாது என்பது அன்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. அனுப்பியவருக்கும் தெரியவில்லை.

அங்கிள் எழுந்துபோய் டிவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"உங்கட டிவிக்கு வயசு போட்டுது."

"டிவி நல்லாதான் இருக்கு. நேத்துகூட நியூஸ் கலர்ல வந்துச்சு" என்றார் அப்பா.

"அப்ப அமெரிக்காவில கலர் இல்லைப் போல" என்றார் ஆன்ட்டி.

அம்மா அப்பாவைப் பார்த்தார். "பின்னால தொறந்து பாருங்களேன். பிரிட்ஜெல்லாம் தொறக்குறீங்கதானே?"

"பிரிட்ஜ்ல படம் ஓடாது லா."

கடைசியில், உருளுகிற படத்தையே பார்ப்பது என்று முடிவாயிற்று. கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிட்டது. ஹெல்மெட் போட்ட ஆட்கள் வரிசையாகக் குனிவார்கள், மோதுவார்கள், எழுவார்கள், மறுபடி வட்டமாகக் கூடுவார்கள். ஒரு அணிக்கு வெளிறிய சட்டை. இன்னொன்றுக்குக் கறுத்த சட்டை. அவ்வளவுதான் நிறம்.

"இதென்ன விளையாட்டு?" என்றார் அங்கிள். "ஓடுறதிலும் பார்க்க வட்டமா நிண்டு கதைக்கிறதுதான் கூட. எங்கட சங்கக் கூட்டம் மாதிரிக் கிடக்கு."

"ஓம், ஆனா இவையள் கதைச்ச பிறகு ஏதோ செய்யினம்" என்றார் ஆன்ட்டி. அப்பாவுக்கு வடை புரையேறியது.

இடைவேளை வந்தது. தொப்பி போட்ட நூற்றுக்கணக்கான ஆட்கள் மைதானத்தில் இறங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே உடை, ஒரே நடை, ஒரே சாம்பல். எல்லாரும் உருண்டுகொண்டிருந்தார்கள். அம்மா டிவிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தா, அந்த நெட்டையன்தானே?" என்றார் ஆன்ட்டி.

"என் தம்பி குட்டை, ஆன்ட்டி."

அம்மாவின் குரல் இறங்கியிருந்தது. குழு திரும்பியது, பிரிந்தது, ஏதோ ஒரு எழுத்தாக நின்றது. வெளியே போகவும் தொடங்கிவிட்டது. அப்போது அப்பா எழுந்து திரையைத் தொட்டார்.

"இதோ. மூணாவது வரிசை, கடைசிக்கு முன்னால. நடையைப் பாரு. தோள் ஒரு பக்கமா சாயுதுல? உன் தம்பி நடைதான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா திரும்ப ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். ஒரு சாம்பல் புள்ளி ஒரு சாம்பல் டிரம்மைச் சுமந்துகொண்டு மேலே உருண்டு போனது.

"மெலிஞ்சுட்டான்" என்றார் அம்மா. "ஒழுங்கா சாப்பிடுறதில்ல."

அந்தக் குளிர்காலம் முழுவதும் பள்ளிவிட்டு வந்ததும் நான் அந்த டேப்பைப் போடுவேன். மாமாவைப் பார்க்கத்தான் போட்டேன். ஆனால் இடைவேளை வரும்வரை ஆட்டத்தைப் பார்த்துத்தானே ஆகவேண்டும்? யாரும் சொல்லித் தராமலே எனக்கு அது பிடிபட்டது. பத்து கஜம் முன்னேற நாலு வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து அடுத்தவனுக்கு. பள்ளியில் யாரோடும் பேசாத பிள்ளையான எனக்கு, தோற்றவனுக்கும் நாலு வாய்ப்பு கொடுக்கிற அந்த விதி மிகவும் ஆறுதலாக இருந்தது. கறுத்த சட்டை அணிதானே உங்கள் அணி என்று போனில் கேட்டோம், ஆமாம் என்றார் மாமா. அதுவே என் அணியும் ஆயிற்று.

டேப்பின் கடைசியில் மிச்சமிருந்த இடத்தில் ஒரு தொழில்முறை ஆட்டத்தின் துண்டும் இருந்தது. அதில் தோற்றுக்கொண்டிருந்த அணியில் ஒருவன் பந்தை நெடுந்தூரம் எறிவான். பந்து காற்றில் இருக்கும்போதே டேப் முடிந்துவிடும். அந்தப் பந்தை யாராவது பிடித்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த அணியின் ஹெல்மெட்டில் இருந்த படத்தை வைத்து அது எது என்று பெரியவளான பிறகு கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் அதற்கே ரசிகை.

நான் டேப் பார்க்கும் நேரத்தில் அம்மா பின்னல் ஊசியோடு சோபாவில் உட்கார்ந்திருப்பார். மாமாவுக்கு ஸ்வெட்டர். கருஞ்சிவப்பு நூல். டிசம்பரில் மாமா எங்களைப் பார்க்க வருவதாக இருந்தார். இங்கே அப்போது வெயில்தான். ஆனால் அவர் திரும்பிப் போகிற இடத்தில் பனி. கிளம்பும்போது கையில் கொடுக்க வேண்டும், அதுவரை மாமாவிடம் மூச்சு விடக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

மாமா வந்தார். டேப்பில் பார்த்ததைவிடக் கொஞ்சம் தடித்திருந்தார். மறுநாள் தானே சமைக்கிறேன் என்று அடுக்களைக்குள் போனார். வெங்காயம் அவர் கத்தியின் கீழ் மழைபோலச் சரிந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்தேன். அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு வேகமா நறுக்க எங்கடா கத்துக்கிட்ட?"

"ஹாஸ்டல்லதான் அக்கா. எல்லாம் நம்மளே செய்யணும்."

சாப்பாட்டுக்கு முன் நான் மாமாவின் கையைப் பிடித்து டிவி முன்னால் உட்காரவைத்தேன். அரை வருஷமாகக் காத்திருந்தது இதற்குத்தான். அப்பா சரியான இடத்துக்கு டேப்பை ஓட்டினார். அம்மா கரண்டியோடு வந்து நின்றார்.

"இதோ நீ" என்றார் அம்மா, அந்தப் புள்ளியைக் காட்டி. "அத்தான்தான் கண்டுபிடிச்சாரு. எத்தனை தடவை பார்த்திருப்போம் தெரியுமா?"

மாமா உருளுகிற படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்ததுபோல் அவர் சிரிக்கவில்லை.

"ஆமாக்கா. நான்தான்."

"மாமா, இந்தச் சட்டை என்ன கலர்?" என்று கேட்டேன். எனக்கு அது ஒன்றுதான் தெரியாமல் இருந்தது. என் அணி என்ன நிறம் என்று தெரியாமலே ஒரு குளிர்காலம் கனவு கண்டிருந்தேன்.

மாமா டிவியைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெளியே எங்கள் புல்தரை வெயிலில் கிடந்தது.

"பச்சை" என்றார்.

"சோறு ஆறிப்போகுது, வாங்க" என்றார் அம்மா.

அடுத்த நாள் பார்த்தால் அம்மாவின் ஊசியில் பச்சை நூல் ஏறியிருந்தது. ஒரு கை மட்டும் பாக்கியிருந்த சிவப்பு ஸ்வெட்டர் எங்கே என்று கேட்டேன்.

"மாமாவுக்கு அது சின்னதாப் போயிரும்டா. மஃப்ளர் போதும்."

அதற்குள் என்னையும் மாமாவையும் சேர்த்தே நுழைக்கலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் மஃப்ளர் அணியின் நிறத்தில் இருந்ததால் எனக்கு அதுவே சரியாகப் பட்டது. அம்மா இரவும் பகலும் பின்னி, மாமா கிளம்புகிற நாளில் முடித்துவிட்டார். விமான நிலையத்தில் எல்லாரும் அரைக்கைச் சட்டையில் வியர்த்து நிற்க, மாமா மட்டும் கம்பளி மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நின்றார். கழற்று என்று அப்பா சிரித்தார். மாமா கழற்றவில்லை. உள்ளே போகும்வரை அம்மாவைப் பார்க்கவும் இல்லை.

சிவப்பு நூல் அடுத்த குளிர்காலத்தில் எனக்கு ஸ்வெட்டராக வந்தது. முழங்கை தேயும்வரை போட்டேன்.

மாமா அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். உணவகத்தில் சமையல்காரராகி, பிறகு சொந்தமாகவே ஒன்று வைத்து நன்றாக இருக்கிறார். தீபாவளிக்குப் போன் வரும். அவர் படிப்பைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. நடுவில் விட்டுவிட்டார்போல என்று நானாக நினைத்துக்கொண்டேன். என் கனவில் அந்த அணி மட்டும் வருஷக்கணக்காகப் பச்சைச் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் மாமா டிரம் அடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் இணையம் நல்ல வேகத்தில் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கல்லூரியின் ஆட்டத்தை முதன்முதலாக நிறத்தில் பார்த்தேன். சட்டைகள் கருஞ்சிவப்பு. வேறு ஏதோ கல்லூரியைத் தேடிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய படங்களைத் தேடினேன். மாமா காலத்திலும், அதற்கு முன்பும், எப்போதும் கருஞ்சிவப்புதான். வாத்தியக் குழுவும், பார்வையாளர் கூட்டமும், குழந்தைகளின் தொப்பியும் எல்லாம் அதே நிறம். அங்கே ஒரு நாள் இருந்தவர்கூட அதைப் பச்சை என்று சொல்லியிருக்க முடியாது. மாமா அந்தக் கல்லூரியில் சேரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த டேப்பை யாரிடமோ வாங்கி, தான் ஒருமுறைகூடப் பார்க்காமலே அனுப்பியிருக்கிறார்.

அம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். அன்று எனக்கு இன்னொரு கோப்பை டீ கொண்டுவந்து வைத்தவர், லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார்.

"இந்தக் கலர் நூலுக்காக எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமா?" என்றார். "எங்க பேக்டரியில ஒரு அமெரிக்காக்காரி இருந்தா. அந்த ஊர்ப் பக்கம்தான். அவதான் ஒரு துணித் துண்டக் காட்டி, கரெக்டா இந்தக் கலர்னு சொன்னா."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "அப்ப மாமா பச்சைன்னு சொன்னப்பவே உங்களுக்கு..."

"டீ ஆறிப்போகுது, குடி" என்றார் அம்மா.

அந்த டிசம்பரில் ஒரு பிற்பகல் நினைவுக்கு வந்தது. அப்பா மாமாவைக் கடற்கரைக்கு அழைத்துப் போயிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து டேப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எனக்கெதிரே உட்கார்ந்து, என் இரண்டு கைகளையும் நீட்டச்சொல்லி, அந்தச் சிவப்பு ஸ்வெட்டரின் முனையைப் பிடித்து இழுத்தார். பின்னல் வரிசை வரிசையாக அவிழ்ந்து, சுருள் சுருளாக என் மணிக்கட்டுகளைச் சுற்றி ஏறியது. கை வலிக்கிறது என்றேன். கொஞ்சம் பொறு என்றார். அம்மாவின் முகம் திரையை மறைத்தது. தலையைச் சாய்த்து, அவர் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தேன். இடைவேளை வந்துவிட்டிருந்தது. நான் மூன்றாவது வரிசையில் மாமாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.