தீபம் தெரியாத மாடி

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து பேர் நான் பெற்றது, ஒருத்தி என் நாத்தனார் விட்டுப் போனது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் யார் எனக்கு என்ன செய்தார்கள் என்பதை நான் மறந்தது கிடையாது.

என் கடைசி மகள் மெட்ராஸில் படித்துவிட்டு வந்து, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி மையம் வைத்தாள். ஊர் தனி ஜில்லா ஆகி ஏழெட்டு வருடம் இருக்கும். அப்போது இங்கே அந்தப் பேரே யாருக்கும் தெரியாது. செவிடு என்பார்கள், சாமி குத்தம் என்பார்கள். மலை சுற்றும் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. வீட்டைத் திறப்பது, பெருக்குவது, தாய்மார்களிடம் பேசுவது, எந்தப் பிள்ளை வராமல் நின்றுபோனது என்று கவனிப்பது என் வேலை.

நான் நிலத்தில் பாடுபட்டவள். இந்தத் தொழிலுக்கும் பருவம் உண்டு என்று முதல் வருடமே புரிந்துகொண்டேன். எங்கள் ஜனங்கள் விஜயதசமியில்தான் பிள்ளையைச் சேர்ப்பார்கள். வைகாசியில் வந்து விசாரித்தவர்கள்கூட, "நல்ல நாள் வரட்டும்மா" என்று போய்விடுவார்கள். சேர்ந்த பிள்ளை ஒரு மாதம் அழும். அப்புறம்தான் பாயில் உட்காரும். சரி, பழகிவிட்டது என்று நாங்கள் மூச்சு விடும்போது கார்த்திகை வந்துவிடும். மழை ஒரு பக்கம். தீபத்துக் கூட்டத்துக்காகப் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவது ஒரு பக்கம். இதற்கெல்லாம் மேலே அந்த வீட்டுக்காரர்.

அவருடைய மொட்டை மாடியில் நின்றால் மலை உச்சி நேராகத் தெரியும். அதனால் தீபத் திருவிழா பத்து நாளும் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, வெளியூர் ஜனங்களுக்கு வீட்டை விடுவார். "பத்து நாள்தானம்மா. பள்ளிக்கூடத்துல லீவு வுடறது இல்லியா?" என்பார். இந்தப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைப் பார்த்துத் தாய் மனசு விட்டுப்போய் நிறுத்திவிடுவாள். விஜயதசமிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பொங்கலுக்கு இருக்க மாட்டார்கள். இப்படியே போனால் மையத்தை மூட வேண்டியதுதான். இரண்டு வருடம் பொறுத்தேன்.

மூன்றாம் வருடம் திருவிழா தொடங்க நாலு நாள் இருக்கும்போதே, முன்தகவல் இல்லாமல் ஒரு சாயங்காலம் வந்து, "காலையில காலி பண்ணிடுங்க" என்றார். எட்டு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். தாய் அவளைத் தூரத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் கூட்டி வருவாள். பிறந்ததிலிருந்து பேசாத பிள்ளை. அந்த ஐப்பசியில்தான் பானையைக் காட்டி "தண்ணி" என்றது. அவர்களுக்கு நாங்கள் தகவல் சொல்ல முடியவில்லை. மறுநாள் வழக்கம்போல வந்து, அந்தப் பிள்ளை நேராகத் தன் மூலைக்கு ஓடியது. அங்கே யாருடைய பெட்டிகளோ இருந்தன, யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை அலறிவிட்டது. சாமான் எடுக்கப் போன நான் வாசலில் நிற்கிறேன். வீட்டுக்காரர் அதன் கையைப் பிடித்து இழுத்துத் தெருவில் விட்டார்.

"பைத்தியத்த இங்க எதுக்கு இட்டுகினு வர? வந்தவங்க பயப்படறாங்க" என்றார் அந்தத் தாயைப் பார்த்து.

அந்தத் தாய் பிள்ளையை அணைத்துக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டாள். அப்புறம் வரவும் இல்லை. நான் அன்றைக்கு அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் கோபம் ஆறிப்போகும்.

அவர் வீட்டுக்கும் மலைக்கும் நடுவில் ஒரு காலி மனை இருந்தது. அடி அண்ணாமலையில் ஒரு விவசாயக் குடும்பத்துக்குச் சொந்தம். அவர் வருடக்கணக்காக அதைக் கம்மி விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் என் அப்பா கொடுத்த கழனியை விற்று அந்த மனையை வாங்கினேன்.

"வீம்புக்கு வீடு கட்டாதம்மா" என்றான் பெரிய மகன்.

"வீம்புக்குத்தான்டா கட்டறேன்" என்றேன்.

கட்டடம் எழும்பும் வரை மையத்தை அவர் வீட்டிலேயே நடத்தினோம். ஒரு நாள் மேஸ்திரியை அவர் மாடிக்கே கூட்டிப்போய், உச்சி எங்கே தெரிகிறது என்று காட்டினேன். கட்டட வேலையைப் பார்க்கிறோம் என்று நினைத்து அவரே எங்களுக்கு டீ கொடுத்தனுப்பினார். குடித்தேன். நன்றாக இருந்தது.

"ரெண்டு மாடிக்கு மேல தண்ணித் தொட்டி நேரா அந்த எடத்துல வரணும்" என்றேன்.

மேஸ்திரி தயங்கினார். "நாலடி தள்ளிப் போடலாங்கம்மா. மலைய மறைக்கறது பாவம்."

"மலைய யார் மறைக்க முடியும்? இந்த மாடியத்தான் மறைக்கறேன்."

அடுத்த கார்த்திகைக்கு நாங்கள் சொந்தக் கட்டடத்தில் இருந்தோம். பஸ் ஊருக்குள் வராது என்று தெரிந்து, தூரத்து ஊர்த் தாய்மார்களை முன்கூட்டியே வரச்சொல்லி, பத்து நாளும் மேல்மாடியில் பிள்ளைகளோடு தங்க வைத்தேன். அதே பாய், அதே மணி, அதே நேரம். விஜயதசமிக்குச் சேர்ந்த ஒரு பிள்ளைகூடப் பாதியில் நின்றுபோகவில்லை.

பக்கத்து மாடிக்கு வந்தவர்கள் தீபத்தன்று சாயங்காலம் அந்த ஓரத்துக்கும் இந்த ஓரத்துக்கும் நடந்து பார்த்துவிட்டு, வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். நான் என் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டையும் பார்த்தேன், தீபத்தையும் அவர் முகத்தையும்.

மறுநாள் வந்தார். "சாமி காரியத்துல வன்மம் ஆவாதும்மா."

"சாமிய வாடகைக்கு வுட்டப்ப அது தெரியலிங்களா?"

"பொழப்பும்மா அது."

"எங்களுதும் பொழப்புதாங்க."

அவர் போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிறது. இப்போது அவர் மகன் தொட்டியை நகர்த்தச் சொல்லி மரியாதையாகக் கேட்கிறான். நல்ல பையன். என் மகளுக்கு மனசு இளகிவிட்டது. "போதும்மா, தள்ளி வெச்சிடலாம்" என்கிறாள்.

"தண்ணி" என்று சொன்ன அந்தப் பெண்ணை, சொந்தக் கட்டடம் வந்ததும் நானே அவள் ஊருக்குப் போய்க் கூட்டி வந்தேன். நாலு வருடம் வந்தாள். தலை வாரிக்கொள்ள, சோறு பிசைந்து சாப்பிடக் கற்றுக்கொண்டாள். தாகம் எடுத்தால் பானையைக் காட்டுவாள். வாய் திறக்க மாட்டாள். போன அந்த ஒரு சொல் திரும்பி வரவே இல்லை. அது வந்திருந்தால் தொட்டியை நானே தள்ளி வைத்திருப்பேன்.

நான் கண்ணை மூடினதும் நகர்த்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடப்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இதைச் சொல்லச் சொல்ல அந்த மகள் பெற்ற என் பேத்தியை எழுதச் சொன்னேன். எழுதிட்டியாடி? எங்கே, மொதல்லேர்ந்து படி. உங்க அம்மா காதுல வுழற மாதிரி சத்தமா படி.