விமானத்துக்குச் சப்பாத்து

என் கணவர் விமானம் கட்டத் தொடங்கியபோது நான் ஒரேயொரு நிபந்தனைதான் போட்டேன். என்னை அதற்குள் இழுக்கக்கூடாது. அவர் உடனே ஒத்துக்கொண்டார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்கூட வந்தது.

வுப்பர்டாலுக்கு வெளியே ஒரு விவசாயியின் கொட்டகையை வாடகைக்கு எடுத்து வேலை நடந்தது. அலுமினியத் தகடுகள் பெரிய பெரிய பெட்டிகளில் வந்து இறங்கின. கணவர் தொழிலால் ரயில்களைப் பழுது பார்ப்பவர். வாரநாளில் ரயில், சனிக்கிழமையில் விமானம். துளை போட்டு, ஆணி தறைந்து, தறைந்ததைப் பிழையென்று பிடுங்கி, மறுபடி தறைந்து, இரண்டுபேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன விமானத்தைச் சில வருடங்களில் நிமிர்த்திவிட்டார். ஜெர்மனியில் ஒரு மனிதர் தன் கையால் விமானம் கட்டிப் பறக்கலாம். ஆனால் அதற்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. சங்கத்தில் ஒரு பரிசோதகர் இருப்பார். ஒவ்வொரு கட்டத்திலும் அவர் கைவிளக்கோடு வந்து, ஆணி ஆணியாகப் பார்த்து, தலையாட்டிய பிறகுதான் அடுத்த கட்டம். எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற மனிதர், வெண்தாடி, அதிகம் பேசாதவர். ‘மோசமில்லை’ என்று அவர் சொன்னால் என் கணவர் அன்றைக்கு வீட்டுக்கு வரும்வழியில் கேக் வாங்குவார்.

இந்த விமானத்துக்கு ஒரு எதிரி ஹனோவரில் இருந்தார். என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள். எண்பதுகளில் ஊரைவிட்டு, அப்போதைய கிழக்கு ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது என் கணவருக்கு எட்டு வயது. அக்காவும் அப்போது சிறுமிதான். தம்பியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அந்த நாட்டுக்குள்ளும், பிறகு இந்த நாட்டுக்குள்ளும் வந்தவர். கையை விட்டுவிட்டதாக அவர் இன்னும் நினைக்கவில்லை. தொலைபேசியில் என்னிடம் கேட்பார்:

“ஒருக்கா பிளேனில வந்தது காணாதோ இவனுக்கு?”

விமானம் பறக்கத் தொடங்கி ஒரு கோடைகாலம் ஒழுங்காகப் போயிற்று. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சக்கரங்கள் வெறுமனே தொங்குவது கணவருக்குப் பிடிக்கவில்லை. காற்று சக்கரத்தில் மோதி இழுக்கிறதாம். அதற்கு உறை போட்டால் வேகம் கூடுமாம். நீர்த்துளி மாதிரி முன்னால் உருண்டு பின்னால் கூர்ந்துபோகும் கண்ணாடியிழை உறை. ஜெர்மன்காரர் அதை ராட்ஷூ என்கிறார்கள், சக்கரம் அணியும் சப்பாத்து என்று அர்த்தம். எங்கள் வீட்டிலும் அது சப்பாத்தாகிவிட்டது.

சப்பாத்துகள் முன்பாதி, பின்பாதி என்று துண்டுகளாக வந்தன. வெட்டிப் பொருத்துவது நம் வேலை. அலுமினியத்தோடு சண்டைபிடித்து வென்ற மனிதர் இந்தக் கண்ணாடியிழையிடம் தோற்றுப்போனார். ஒரு சனிக்கிழமை எனக்குத் தொலைபேசி வந்தது.

“இஞ்சை ஒருக்கா வந்து பாரும். நீர் ஒண்டும் செய்ய வேண்டாம். பாத்தாக் காணும்.”

நான் செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் வேலை செய்கிறேன். பல் வைத்தியர்கள் அச்சு அனுப்புவார்கள், நாங்கள் பல்லும் பல்லின்மேல் இடும் உறையும் செய்து அனுப்புவோம். நாள் முழுக்க ரெசின், தேய்ப்பு, இடைவெளி, மெருகு. இது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தேன். இரண்டு பாதியும் சந்திக்கும் இடத்தில் ஒரு பக்கம் இடித்துக்கொண்டும் மறுபக்கம் திறந்துகொண்டும் இருந்தது. இப்படி ஒரு வேலையை நான் வைத்தியருக்கு அனுப்பினால் மறுநாள் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

“இதை ஆர் வெட்டினது?” என்றேன்.

“நான்தான்.”

“கண்ணை மூடிக்கொண்டோ?”

அவர் முகமூடியையும் மணல்தாளையும் என் பக்கம் தள்ளினார். நான் மேலங்கியைக் கழற்றி மாட்டினேன். அவ்வளவுதான் நடந்தது.

பல்லைவிட இது பெரியது, அதனால் சுலபம் என்று நினைத்தேன். பல் ஒரே இடத்தில் நிற்கும். விமானத்தின் கால் அப்படியல்ல. தரையில் நிற்கும்போது பாரத்தில் அகன்று நிற்கும், பறக்கும்போது தொங்கி ஒடுங்கும். சப்பாத்து பறக்கும்போதுதான் நேராக இருக்கவேண்டும். ஆகவே விமானத்தை மூக்குப்பக்கம் சங்கிலியில் தூக்கி, வாலை ஒரு மேசைமேல் ஏற்றி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, மூக்கிலும் வாலிலும் தூக்குக்குண்டு கட்டி, நிலத்தில் சுண்ணக்கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு நேராகச் சப்பாத்தைப் பிடித்தோம். ரசமட்டத்தை நான் பிடிக்க அவர் குனிந்து பார்ப்பார், அவர் பிடிக்க நான் குனிந்து பார்ப்பேன். டயருக்கும் சப்பாத்துக்கும் நடுவே ஒரு விரல் தடிப்பு இடைவெளி. கூடினால் காற்று புகும், குறைந்தால் டயர் உரசும். இவ்வளவு பாடுபட்டு நேராக்கியதைத் தரையில் இறக்கியபோது இரண்டு சப்பாத்தும் கோணலாகத் தெரிந்தன. வானத்தில் அவை நேராக இருக்கும், ஆனால் வானத்தில் பார்க்க ஆளில்லை.

ஒரு விஷயத்தில் எங்களுக்கு ஒத்துவரவில்லை. டயருக்குக் காற்றடிக்கப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை விட்டு மூடி போடலாம் என்றேன். அவர் முகம் சுருங்கியது.

“துளை போட்டா வேகம் குறையும்.”

“ஒரு துளைக்கோ?”

“மூடியின்ர விளிம்பு இருக்கெல்லே.”

துளை போடவில்லை. அதனால் இன்றுவரை டயருக்குக் காற்றடிக்க வேண்டுமென்றால் திருகாணிகள் எல்லாவற்றையும் கழற்றி, பாதியை உருவி, காற்றடித்து, மறுபடி பூட்ட வேண்டியிருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற நேரத்தில் செய்யவேண்டிய வேலைக்குத் தேநீர்ப் போத்தலோடு போகிறோம்.

பரிசோதகர் வந்தார். சப்பாத்தை விரல்மூட்டால் தட்டிக் கேட்டார். பொருத்தில் நகத்தை வைத்து ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கும் தடங்கவில்லை.

“யார் செய்தது?”

“நாங்கள்,” என்றார் கணவர்.

பரிசோதகர் என் கைகளைப் பார்த்தார். பிறகு கணவருடைய கைகளைப் பார்த்தார். “மிக நன்று,” என்றார். ‘மோசமில்லை’ அல்ல. அன்றைக்குக் கேக் வாங்கவில்லை.

சப்பாத்தோடு முதற்பறப்பு முடிந்து இறங்கி வந்த கணவர் குதித்தார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம் கூடியிருக்கிறதாம். வடகடல் தீவுகளுக்குப் போனால் சில நிமிஷங்கள் முன்னதாகவே போய்விடலாமாம். அந்தத் தீவில் எங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை.

எங்கள் விமானத்திடல் புல்தரை. எங்கள் பக்கத்து மழையைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஈரப் புல்லில் ஓடும்போது சக்கரம் சேற்றை அள்ளி எறியும். முன்பு அது காற்றோடு போய்விடும். இப்போது போக இடமில்லை. நான் அளந்து விட்ட அந்த ஒரு விரல் இடைவெளிக்குள் சேறும் புல்லும் அமர்ந்து இறுகும். ஒரு நாள் இறங்கியபோது இடது சக்கரம் சுற்றமாட்டேன் என்று நின்று, விமானம் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டியது. நல்லவேளை மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்று முழுக்க இருவரும் குந்தியிருந்து, எங்கள் பட்டறையில் கழித்துவிட்ட தூரிகைகளால் சேற்றைச் சுரண்டினோம். தீவுக்குப் போய் மிச்சம்பிடித்த நிமிஷங்கள் எல்லாம் அங்கேயே கரைந்தன. அதன்பிறகு மழைக்காலம் வந்தால் சப்பாத்தைக் கழற்றிவிடுவது என்று முடிவாயிற்று. குளிரில் வெறுங்காலோடு பறக்கும் விமானம் அது. சப்பாத்துகள் எங்கள் நிலவறையில் துணி காயவைக்கும் இடத்தில் சூடாக இருந்தன.

வசந்தத்தில் சப்பாத்தை மறுபடி பூட்டி, துடைத்து, மினுக்கி வைத்திருந்த நாளில்தான் மச்சாள் ஹனோவரிலிருந்து வந்தார். பறக்க அல்ல, பார்க்க. ஒரு பெரிய பெட்டி நிறைய, தானே பொரித்த பற்றிஸும் றோல்ஸும். விமானத்தை ஒருமுறை சுற்றி வந்தார்.

“வடிவாத்தான் இருக்கு,” என்றார் மனமில்லாமல். “ஒரு படம் எடும் பாப்பம், பிள்ளையளுக்கு அனுப்ப.”

நான் கைபேசியை எடுத்தேன். மச்சாள் குள்ளமானவர். படத்தில் இறக்கைக்கு மேலே முகம் தெரியவேண்டும் என்று நினைத்திருக்கிறார். காலுக்குப் பக்கத்தில், படிக்கட்டுப் போல, வழவழவென்று ஒரு பொருள் இருந்தது. சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு அதன்மேல் ஏறினார்.

சத்தம் பெரிதாக இல்லை. அப்பளம் நொறுங்குவதுபோல் ஒரு சத்தம்.

மச்சாள் இறங்கினார். கணவர் கையிலிருந்த றோல்ஸ் அப்படியே நின்றது.

“பரவாயில்லை அக்கா,” என்றார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

“நான் மெல்லமாத்தானே கால் வைச்சனான்?”

“ஓம் அக்கா. அது கால் வைக்கிற இடமில்லை.”

மச்சாள் வெடிப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். “ஒரு மனிசி கால் வைக்க ஏலாத சாமான், உன்னை வானத்தில தாங்குமோ?”

சப்பாத்து எதையும் தாங்குவதில்லை, காற்றை வழுக்கிவிடத்தான் இருக்கிறது என்று கணவர் விளங்கப்படுத்தத் தொடங்கினார். மச்சாள் கேட்கவில்லை. அவருக்கு, யாருக்கும் அடிபடவில்லை என்பதும், இவ்வளவு வருடம் தான் சொன்னது சரி என்பதும் ஒரே நேரத்தில் உறுதிப்பட்டிருந்தது. ஆனாலும் முகம் வாடித்தான் இருந்தது. மாலையில் புறப்படவேண்டியவர் புறப்படவில்லை.

“நாளைக்கு என்ன செய்யவேணும் எண்டு சொல்லும்,” என்றார் என்னிடம்.

சப்பாத்தைக் கழற்றி நிலவறைக்குக் கொண்டுவந்தோம். வெடித்த இடத்தை உள்ளுக்கும் வெளிக்கும் தேய்த்து, உள்பக்கம் கண்ணாடியிழைத் துணியை ரெசினில் தோய்த்து ஒட்டினேன். காய்ந்தபிறகு தேய்ப்பு. மச்சாள் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, முகமூடியோடு, தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார். கை ஓயவில்லை, முகமூடிக்குள் வாயும் ஓயவில்லை. நடுநடுவே உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். “இஞ்சை ஒரு மேடு இருக்கு” என்பார். இருக்கும். போகப்போக எனக்கு முன்னால் மேட்டைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு குஷி வந்துவிட்டது. அடுத்த கிழமையும் ரயிலேறி வந்தார், பெயிண்ட் அடிக்கும்போது தான் பக்கத்தில் நிற்கவேண்டுமாம்.

பரிசோதகர் திருத்தத்தைப் பார்க்க வந்தார். எப்படி உடைந்தது என்று கேட்டார். மச்சாள் முந்திக்கொண்டு, நல்ல ஜெர்மனில், “பொருள் பலவீனமானது,” என்றார். பரிசோதகர் தாடியைத் தடவினார். காலை வைக்கவேண்டாம் என்று அதன்மேல் எழுதி ஒட்டிவிடுங்கள், வருபவர்களுக்கு விளங்கும் மொழியில், என்றார்.

ஜெர்மனில் எழுதிய பிறகு, கணவர் தமிழிலும் எழுதினார்: ‘கால் வைக்காதே.’

மச்சாள் அதைப் பார்த்துவிட்டு, “ஆரை நீ நீயெண்டு சொல்லுறாய்?” என்றார். “பெரியாக்களும் வருவினம்.”

ஆகவே எங்கள் விமானத்தின் இரண்டு சப்பாத்திலும் ‘கால் வையாதேங்கோ’ என்றுதான் இருக்கிறது. தமிழ் வரி ஜெர்மன் வரியைவிட ஏன் நீளம் என்று பரிசோதகர் கேட்டார். மரியாதை சேர்ந்திருக்கிறது என்றேன். விமானத்தின் குறிப்புப் புத்தகத்தில் அதற்கு ஏதும் எழுதத் தேவையில்லை என்றார்.

அன்றைக்கே மச்சாள், தான் தேய்த்த சாமான் ஒழுங்காகப் பறக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றார். கணவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் அக்காவைத் தூக்காத குறையாக ஏற்றி, வாரைக் கட்டிவிட்டு, கொண்டுபோனார். நான் திடலில் நின்றேன். அரைமணி நேரம் கழித்து இறங்கியவருடைய தலைமயிர் கலைந்திருந்தது. சேலையைச் சரிசெய்துகொண்டே தம்பியிடம் சொன்னார்:

“ஷோனெஃபெல்டில இறங்கேக்க நீ என்ர மடியில சத்தி எடுத்தனி. நான் இண்டைக்கு எடுக்கேல்லை.”

அன்று வாந்தியெடுத்த தம்பி சிரித்தார். பிறகு விமானத்தைக் கட்டுகிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் கயிற்றை முடிந்தார்.

நானும் பறந்தேன், பின்னொரு நாளில். ரைன் நதிக்கு மேலே போனோம். எல்லாரும் அந்த ஆற்றை எட்டிப் பார்ப்பார்களாம். நான் சப்பாத்தை எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. இறக்கை மறைத்துவிடுகிறது. என் வாழ்நாளில் நான் செய்த ஆகச் சுத்தமான வேலை காலுக்குக் கீழே நேராக நிற்கிறது, எனக்கும் தெரியாது, ஓட்டுகிறவருக்கும் தெரியாது. ஆற்றைத்தான் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பரிசோதகர் அதிகம் பேசாதவர் என்று நினைத்திருந்தேன். என்னைப் பற்றி மற்றத் திடல்களில் பேசியிருக்கிறார். முதலில் ஒருவர் வெடித்த சப்பாத்து ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றார். அடுத்த மாதம் இன்னும் இரண்டுபேர். இப்போது தெர்மின் எடுத்து, நாளும் நேரமும் குறித்துத்தான் வருகிறார்கள். சனிக்கிழமைகளில் கொட்டகையின் ஒரு பக்கம் எனக்கு என்றாகிவிட்டது. மச்சாள் மாதத்தில் ஒருமுறை வந்து தேய்க்கிறார். யாருடைய சப்பாத்து ஏன் உடைந்தது என்று உடைமையாளரிடம் விசாரிக்கிறார்.

போன சனிக்கிழமை வானம் சுத்தமாக இருந்தது. கணவர் வாசலில் வந்து நின்றார்.

“வாறீரோ? காத்தும் இல்லை.”

“ஏலாது. ரெசின் கலந்திட்டன். இறுகிப்போகும்.”

“அப்ப நான் போட்டு வாறன்.”

கொஞ்ச நேரத்தில் அவர் எங்கள் கொட்டகைக்கு மேலாலே தாழ்வாகப் பறந்து, இறக்கையை ஆட்டிவிட்டுப் போனார். நான் கையில் தூரிகையோடு வெளியே வந்து பார்த்தேன். தன் சப்பாத்துக்காகக் காத்திருந்த ஜெர்மன்காரரும் பக்கத்தில் வந்து நின்று, நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

“இடது சப்பாத்து கொஞ்சம் தாழ்ந்து தெரிகிறதே,” என்றார்.

நான் விமானம் மறையும்வரை பார்த்தேன். அவர் சொன்னது சரிபோலவும் இருந்தது.