நீல மான் முத்திரை

ஜங்ஷன் ரோட்டில் என் பீங்கான் பட்டறைக்கு அடுத்தது ஜியாவுதீன் பாயின் பிளைவுட் கடை. அகல்விளக்கு காயவைக்க ஒரு பலகை கேட்டுப் போனால் போதும், மனுஷன் குவைத்தையும் இந்தியாவையும் எதிரெதிரே நிறுத்திவிடுவார்.

"குவைத்துல காடு ஏதுங்க? நான் அங்க குடோன்ல இருந்தப்பவே எல்லாம் கப்பல்ல வந்த பலகைதான். அப்பல்லாம் இங்க நம்ம மரமே போதும்னு இருந்தாங்க. இப்ப வெளிநாட்டுலேர்ந்து வர்ற பலகை வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போவுது. அவங்க வாங்குன எடத்துலயே நாமளும் வாங்கறோம்."

"உங்கள மந்திரியாக்காம வுட்டுட்டாங்களே பாய்" என்று சீண்டுவேன். சிரிப்பார். அந்தக் கணக்கு அவருடைய பயம் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது.

தம்பி ஷாநவாஸை அதே குடோனுக்கு அழைத்துப் போனவர் அவர்தான். நீல மான் முத்திரை போட்ட பலகைகளை அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் லாரியிலிருந்து இறக்கினார்கள். அந்த வாரமே தம்பி தூக்கத்தில் போய்விட்டான். அந்தப் பலகையிலேயே பெட்டி அடித்து இங்கே விருத்தாசலத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் வழக்கத்தில் பெட்டியோடு அடக்குவதில்லை. மையத்தை, அவன் உடலை, வெளியே எடுத்துப் பள்ளிவாசலின் பொதுச் சவப்பெட்டியான சந்தூக்கில் வைத்துக் கொண்டுபோனார்கள். காலிப் பெட்டி வாசலில் கிடந்தது. மணிமுத்தாற்றங்கரையில் எரிக்கச் சொல்லிக் குட்டியானை வண்டியில் ஏற்றிவிட்டார் பாய். அதன்பிறகு குவைத் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை.

நீல மான் குவைத்துக்கு மட்டும் போகும்வரை அவர் நிம்மதியாக இருந்தார். போன வருஷம் சென்னையிலிருந்து வந்த லோடில் அது இருந்தது. முத்திரை தெரியாமல் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார். யாருக்கும் விற்கவில்லை.

"இது எந்த வூட்டுக்குப் போவுதோ அந்த வூட்டுல அவன் படுத்திருப்பான்" என்றார் என்னிடம்.

அந்த நேரம் பார்த்து ஷாநவாஸின் மனைவி ஹுமைரா வந்தாள். நேரே சுவரோரம் போய் ஒரு பலகையைத் திருப்பினாள்.

"பெரிய மச்சான், இந்த மான் போட்டதுல ஒரு தட்டு அறுத்துத் தாங்க. எம் பொண்ணு நாஜியா புஸ்தகம் வைக்க எடமில்ல."

"அது வேணாம்மா. வேற நல்லதா தரேன்."

"வேற ஒத்துவராது. வூட்டு அலமாரி இதே பலகைதான்."

பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. "எந்த அலமாரி?"

அவள் தயங்கவில்லை. "அந்தப் பெட்டிய வண்டிக்காரர்கிட்ட கெஞ்சி அன்னிக்கே வாங்கி, அலமாரியா அடிச்சுட்டேன். ஒங்ககிட்ட சொன்னா எரிச்சுடுவீங்க. பெருநாளைக்கு வந்தா அதுல சாஞ்சுதானே சேமியா சாப்புடறீங்க?"

பாய் ரம்பத்தை எடுத்தார். அளவு பிசகாமல் அறுத்தார். மரத்தூளை ஊதிவிட்டு, தலை நிமிராமலே கேட்டார்.

"அவன் தல எந்தப் பலகைல இருந்துச்சும்மா?"

"மேல்தட்டு மச்சான். அதுல நான் எதையும் வைக்கறதில்ல."